சானடோரியம் ஸ்டேஷனும் நியூஜெர்சிக் கர்னலும்



கொஞ்ச நாளாக நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் 'அமெரிக்க வரலாற்றில் நீங்கள் அறியாத விநோதங்கள்' என்ற ரகச் செய்திகள் சுற்றுகின்றன. நானும் ரசித்துத்தான் படிக்கிறேன். ஆனால் அந்த விநோதங்களில் ஒன்று கடல் தாண்டி நம் தாம்பரம் வரைக்கும் வந்து நிற்கிறது. அதை மட்டும் யாரும் அனுப்பவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நியூஜெர்சியில் இருக்கும் நம் பிள்ளைகள் கவனிக்க. உங்கள் மாநிலத்தில் ஆரஞ்ச் என்ற ஊரில் 1832-ல் பிறந்தவர் ஹென்றி ஸ்டீல் ஆல்காட். விவசாய ஆராய்ச்சி, பத்திரிகை, ராணுவம், வக்கீல் தொழில் என்று ஒரே ஆயுளில் பல வேலை பார்த்த மனிதர்.

அடிமைகளை விடுவிக்க ஆயுதம் ஏந்திய ஜான் பிரௌனை 1859 டிசம்பர் 2 அன்று வர்ஜீனியாவில் தூக்கிலிட்டார்கள். அடிமை முறையை எதிர்த்து எழுதிய 'நியூயார்க் டிரிப்யூன்' பத்திரிகை என்றால் அங்கே எல்லோருக்கும் ஆத்திரம். அதன் நிருபர் என்று தெரிந்தால் உயிருக்கே உத்தரவாதமில்லை. ஆல்காட் என்ன செய்தார் தெரியுமா? வர்ஜீனியாப் படைப்பிரிவு ஒன்றிலேயே ஆளோடு ஆளாகச் சேர்ந்துகொண்டார். தூக்குமேடை வரை போய்ப் பார்த்து, அந்தப் பத்திரிகைக்கே செய்தி எழுதினார்.

பிறகு உள்நாட்டுப் போர். படைக்குப் பொருள் விற்ற கான்ட்ராக்டர்களின் மோசடிகளைத் தோண்டியெடுக்கும் பொறுப்பு அவருக்கு. 1865 ஏப்ரலில் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அந்தச் சதியை விசாரித்த அதிகாரிகளில் இவரும் ஒருவர். 1875-ல் பிளாவட்ஸ்கி அம்மையாருடன் சேர்ந்து நியூயார்க்கில் பிரம்மஞான சபையைத் தொடங்கினார். 1882-ல் சபைக்காக அடையாற்றில் தோட்டம் வாங்கினார்கள். லிங்கன் கொலையை விசாரித்த கர்னல் நம்ம அடையாற்றுக்காரர் ஆகிவிட்டார்!

1894-ல் அவர் அந்தப் பக்கத்திலேயே ஒரு இலவசப் பள்ளி திறந்தார். யாருக்கு? அன்று 'பஞ்சமர்' என்று ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த மக்களின் பிள்ளைகளுக்கு. அடுத்த சில ஆண்டுகளில் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று இன்னும் சில பள்ளிகள் வந்தன. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர். பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவுப் பள்ளி இன்றைக்கும் நடக்கிறது.

இந்தக் கதையை ஃபார்வேர்டு செய்கிறவர்கள் இருந்தால் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். 'எங்கிருந்தோ வந்த வெள்ளைக்காரர் நம் ஏழைகளுக்குக் கண் திறந்தார், லைக் போடுங்கள்' என்று முடிந்துவிடும். எனக்கு அது போதாது. அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று கேட்டவர்கள் யார்?

கேட்டவர்களில் முன்னால் நின்றவர் அயோத்திதாசப் பண்டிதர். 1845-ல் சென்னையில் பிறந்தவர். சித்த வைத்தியர், தமிழறிஞர். இயற்பெயர் காத்தவராயன். தனக்குப் பாடம் சொன்ன ஆசிரியரின் பெயரையே தன் பெயராக ஆக்கிக்கொண்டவர். ஓர் ஆசிரியனாக எனக்கு அதைவிடப் பெரிய விருது எதுவும் தோன்றவில்லை. ஆல்காட் பள்ளி திறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1892-ல், சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் எழுந்து, எங்கள் மக்களைக் கோயிலுக்குள் விடுங்கள், எங்கள் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி கொடுங்கள் என்று கேட்டார். கோயில் விஷயத்தில் அவருக்குக் கிடைத்தது அவமதிப்பு. 1898-ல் பண்டிதரும் தோழர்களும் ஆல்காட்டைச் சந்தித்தார்கள். அவருடன் இலங்கைக்குப் போய்ப் பௌத்தம் தழுவித் திரும்பினார்கள். 1907-ல் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். 1914-ல் காலமாகும் வரை எழுதிக்கொண்டே இருந்தார்.

சரி, தாம்பரம் எங்கே வந்தது என்கிறீர்களா? சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கினால் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். நம் உறவில் பாதிப் பேர் மூட்டுவலிக்கும் சர்க்கரைக்கும் அங்கே டோக்கன் வாங்கி உட்கார்ந்தவர்கள்தான். அந்த மருத்துவமனையின் பெயர் அயோத்திதாசப் பண்டிதர் மருத்துவமனை. பெயர்ப் பலகையைப் படித்தவர் எத்தனை பேர்? யார் அவர் என்று விசாரித்தவர் எத்தனை பேர்?

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன். சிலருக்கு வருத்தம் வரலாம், பரவாயில்லை.

அமெரிக்காவில் படிக்கும் நம் பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளியில் அடிமை முறையைச் சொல்லித் தருகிறார்கள். லிங்கனும் தெரியும், மார்ட்டின் லூதர் கிங்கும் தெரியும். விடுமுறைக்கு வரும்போது, 'நம்ம ஊரில் இந்த மாதிரி எதுவும் இருந்ததா தாத்தா?' என்று கேட்டால், நாம் என்ன சொல்கிறோம்? 'அதெல்லாம் அந்தக் காலம்' என்று பேச்சை மாற்றுகிறோம். அமெரிக்காவின் அழுக்கை வாய் வலிக்காமல் பேசும் நாம், நம் வீட்டு வாசலில் நிறுத்திவைத்த பிள்ளைகளைப் பற்றி மட்டும் மௌனம் சாதிக்கிறோம். பஞ்சமர் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி ஏன் தேவைப்பட்டது? மற்ற பள்ளிகளின் கதவைச் சாத்தியது யார்? ஆல்காட்டின் கதையைச் சொன்னால் இந்தக் கேள்வியும் கூடவே வரும். வரட்டும். நமக்குச் சங்கடமாக இருக்கிறது என்பதற்காகப் பாடத்தில் பாதியை மறைக்கக் கூடாது.

ஆல்காட்டின் பெருமையை நான் குறைக்கவில்லை. சபையைச் சுற்றி இருந்த பெரிய மனிதர்கள் பெரும்பாலும் மேல்சாதியினர். அவர்கள் நடுவில் இருந்துகொண்டு அவர் அதைச் செய்தார். வணங்குகிறேன். ஆனால் கொடுத்தவர் பெயரை மட்டும் சொல்லி, உரிமை என்று கேட்டவர் பெயரை விட்டுவிட்டால், கேட்டவர்கள் கையேந்தி நின்றவர்களாகத்தான் பிள்ளைகள் மனதில் பதிவார்கள். அது பொய்.

வழக்கம்போல வீட்டுப்பாடம் உண்டு. நியூஜெர்சிப் பிள்ளைகள் ஆரஞ்ச் பக்கம் போனால் உங்கள் குழந்தைகளுக்கு ஆல்காட்டைப் பற்றிச் சொல்லுங்கள். இங்கே இருப்பவர்கள் அடுத்த முறை சானடோரியத்தில் டோக்கனுக்காகக் காத்திருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் அந்தப் பலகையைக் காட்டிப் பண்டிதர் கதையைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளை என்ன கேட்டது என்று கீழே எழுதுங்கள். கேள்வி கேட்கும் பிள்ளைக்குத்தான் என் முதல் மார்க்.

அன்புடன்,
உங்கள் சார்
கிழக்குத் தாம்பரம்