போர் வேண்டாம், கொள்ளைநோய்க்குப் பிந்தைய காலம் போதும்

டோல்கீனின் ‘மிடில் எர்த்’ உலகில் கதாபாத்திரமாக மாறி ஆடும் ஆட்டம் என்றதும், நண்பர்கள் கேட்பது மோதிரப் போர்க் காலத்தைத்தான். ஆட்டத்தை நடத்துகிறவன் என்ற முறையில் நான் மறுத்துவிடுவேன். மூன்றாம் யுகம் 3018-இல் புகுந்தால் உலகைக் காக்கும் பொறுப்பு கதைநாயகன் ஃப்ரோடோவுக்கு. நமக்கு எடுபிடி வேலை. முடிவும் அந்தப் போரின் கதையைப் படமாகப் பார்த்த எல்லோருக்கும் அத்துப்படி.

என் ஓட்டு அதே யுகத்தின் 1640-க்கு. 1984-இல் வெளிவந்த ‘மிடில் எர்த் ரோல் பிளேயிங்’ ஆட்டமும் ஏறக்குறைய இந்தக் காலத்தையே எடுத்துக்கொண்டது. 1640-க்கு நான்கு ஆண்டுகள் முன் வந்த கொள்ளைநோய் கோண்டோர் மன்னன் டெலெம்னாரையும் அவன் பிள்ளைகள் அத்தனை பேரையும் வாரிக்கொண்டு போய்விட்டது. கோண்டோரின் சின்னமான வெள்ளை மரம் பட்டுப்போனது. புது மன்னன் டரோண்டோர், பிற்பாடு மினாஸ் திரித் எனப் பெயர் மாறப்போகும் மினாஸ் அனோருக்கே அரண்மனையை நிரந்தரமாக மாற்றுகிறான். எதிரி நாடான மொர்டோரின் எல்லைக் கோட்டைகளில் காவலுக்கு ஆளில்லை. மோரியாவில் குள்ளர்கள் இன்னும் குடியிருக்கிறார்கள். இருளின் அதிபதி சௌரோனோ டோல் குல்டூர் கோட்டையில் பதுங்கியிருக்கிறான். அங்கிருப்பது அவன்தான் என்று எவருக்கும் தெரியாது.

‘ஆளில்லாத அந்தக் கோட்டையில் ராத்திரி விளக்கு எரிகிறதாம், பார்த்துவிட்டு வாருங்கள்’ என்றால் போதும், ஆட்டம் களைகட்டிவிடும். விளக்கேற்றியது யார் என்று எந்தப் புத்தகத்திலும் விடை கிடையாது. ஆடுகிறவர்களும் பகடையும்தான் சொல்ல வேண்டும். நாயகர்கள் ஏற்கெனவே நிரம்பி வழியும் காலத்தில் நாம் எதற்கு இடம் தேட வேண்டும்?