கன்றோடு வரும் பூச்சி

தென்னையில் வெள்ளை ஈ வந்தால் என்ன தெளிக்கலாம் என்றுதான் நம் கூட்டங்களில் எல்லோரும் கேட்கிறோம். அது எந்த வழியாக நம்ம தோப்புக்குள் வந்தது என்று கேட்பவர் குறைவு. பாதி நேரம் அதை நாமே காசு கொடுத்து வாங்கி வருகிறோம் என்பது என் எண்ணம்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தோப்புகள் சாய்ந்த கதை உங்களுக்குத் தெரியும். சீக்கிரம் நட்டுவிட வேண்டும் என்ற பதற்றத்தில் கிடைத்த கன்றையெல்லாம் வாங்கினோம். நானும் 80 கன்று வாங்கினேன். வங்கியில் இருந்த காலமெல்லாம் ஈட்டுப் பத்திரத்தை வரி வரியாகப் பார்த்துக் கடன் கொடுத்தவன், ஒரு கன்றின் இலையைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. இரண்டே மாதத்தில் இலையின் அடியில் சுருள் சுருளாக வெள்ளை மெழுகு, மேலே கரும்பூசணம்.

இந்தச் சுருள் வெள்ளை ஈ மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. இந்தியாவில் 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் தென்பட்டது. தானாகப் பறந்து போகிற தூரத்தைவிட, தென்னங்கன்றிலும் அழகுச் செடியிலும் ஒட்டிக்கொண்டு லாரியில் போகிற தூரம்தான் அதற்கு அதிகம்.

"பக்கத்துத் தோப்பிலேயே இருக்கு, நான் மட்டும் பார்த்து வாங்கி என்ன ஆகப்போவுது?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் முப்பது மட்டையோடு நிற்கிற காய்ப்பு மரம் சாறு போனாலும் தாங்கும். ஆறு இலைக் கன்றுக்கு அந்தத் தெம்பு ஏது? தோப்பில் இந்த ஈயின் குஞ்சுகளை அழிக்க என்கார்சியா என்ற சின்னக் குளவி இருக்கிறது. நாற்றங்காலில் விஷம் தெளித்துப் பளபளவென்று வருகிற கன்றில் அந்தக் குளவி இருக்காது. விஷத்தின் வேகம் தணிந்ததும் ஈ முந்திக்கொள்ளும்.

அதனால் நான் இப்போது செய்வது இதுதான். 9 முதல் 12 மாதக் கன்று, குறைந்தது 6 இலை, கழுத்துச் சுற்றளவு 10 சென்டிமீட்டர் இருந்தால்தான் எடுப்பேன். ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்ப்பேன். வாங்கியதைத் தோப்புக்குக் கொண்டுபோகாமல் வீட்டுப் பக்கம் நிழலில் மூன்று வாரம் வைப்பேன். ஈ தெரிந்தால் இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் காதிசோப்புக் கரைசலோடு கலந்து தெளிப்பேன். கறுத்துப்போன குஞ்சு இருக்கிற இலையைக் கழிக்க மாட்டேன். அதற்குள்தான் குளவி வளர்கிறது.

இன்னொரு எதிரி காண்டாமிருக வண்டு. அது குருத்தைக் குடைந்தால் இளங்கன்று பிழைப்பது கஷ்டம். கஜாவில் விழுந்து மட்கிய அடிமரங்களில் அது பெருகியது உண்மை. ஆனால் நம்ம எருக்குழியும் அதற்குப் பிரசவ அறைதான். இயற்கை விவசாயிகள் நாம் இதை ஒத்துக்கொள்ள வேண்டும். எருவைக் கிளறிப் புழுவைப் பொறுக்கி, மெட்டாரைசியம் பூஞ்சையைக் கலந்து வைக்காமல் வண்டைத் திட்டிப் பயனில்லை. குருத்தைச் சுற்றிப் பழைய மீன்வலைத் துண்டைச் செருகினால் வண்டு காலில் சிக்கி மாட்டும். நம் கடற்கரையில் வலைக்கா பஞ்சம்?

இலவசக் கன்றோ மானியக் கன்றோ, பூச்சி இருந்தால் வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. அதைவிட நல்லது, ஒவ்வொரு ஊரிலும் நம் குழுவே பொதுவாக ஒரு நாற்றங்கால் போடுவது. கஜாவுக்கும் அசையாமல் நின்ற நெட்டை மரங்கள் ஊருக்கு நாலாவது இருக்கும். அவற்றின் நெற்றுதான் நமக்கு விதை.

நெட்டை மரம் காய்க்க ஆறேழு வருசம் ஆகும். என் வயதுக்காரர்களுக்கு இன்னொரு தடவை நட்டுப் பார்க்க நேரமில்லை. கன்று வாங்குமுன் இலையைத் திருப்பிப் பாருங்கள்.