210ஆவது பெயர்

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லில், அணிகள் இளம் வீரர்களை ஆண்டுதோறும் வரிசை போட்டு எடுக்கின்றன. 1999இல் அட்லாண்டா முதல் ஆளாக எடுத்த பாட்ரிக் ஸ்டெஃபான் சோபிக்கவில்லை. 210ஆவதாக டெட்ராய்ட் எடுத்த ஹென்ரிக் ஜெட்டர்பெர்க், 2008இல் லீக் பட்டமான ஸ்டான்லி கோப்பையோடு பிளே ஆஃப் சுற்றின் சிறந்த வீரர் விருதையும் வாங்கினார்.

அவரைக் கண்டெடுத்தவர், டெட்ராய்ட்டுக்காக வீரர்களைத் தேடும் ஸ்வீடன்காரர் ஹோகன் ஆண்டர்சன். வேறொரு வீரரைப் பார்க்க ரஷ்யா போன இடத்தில் பாவெல் டாட்சுக்கும் இவர் கண்ணில்தான் பட்டார். பையன் ஒல்லி, ஆனால் வட்டு மட்டையோடு ஒட்டிக்கொண்டே வரும். 1998இல் டெட்ராய்ட் அவரை 171ஆவதாக எடுத்தது. உயரத்தையும் எடையையும் மட்டும் பார்க்கிறவர்களுக்கு அந்தத் திறமை தெரிந்திருக்காது.

அதற்காக டெட்ராய்ட்டை மேதை என்று கொண்டாடவும் முடியவில்லை. அவ்வளவு உறுதி இருந்தால் ஏன் காத்திருந்தார்கள்? 1999இல் அவர்கள் முதலில் எடுத்தது ஜெட்டர்பெர்க்கை அல்ல, வேறொரு ஸ்வீடன் இளைஞரை. அவர் என்எச்எல்லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.