கடிலாக்குக்கு லைக், ஏ40க்குக் கிலோ விலை

என் போன் வோல்பேப்பர் 1959 கடிலாக் எல்டொராடோ. கல்பிட்டி ரோட்டில பழைய மோட்டார் சைக்கிள் ஓடுறவனுக்கு இது எதுக்கு என்று கேட்காத கூட்டாளி இல்ல. சும்மா ஆசைதான். ஐந்தே முக்கால் மீட்டர் நீளம், பின்னால வானத்தைப் பார்த்து நிற்கிற ரெண்டு வால்துடுப்பு, ஒவ்வொன்றிலும் தோட்டா மாதிரி ரெண்டு சிவப்பு லைட். 2022இல் நாங்க கியூஆர் காட்டி எண்ணெய் வாங்கினபோது காருக்குக் கிடைச்சது வாரத்துக்கு 20 லீட்டர். அந்தக் கடிலாக் இருந்திருந்தா புத்தளத்திலிருந்து சிலாபம் போய்த் திரும்புறதுக்குள்ள அது முடிஞ்சிருக்கும். தெரிஞ்சும் ஆசை போகல்ல.

அந்த வாலுக்கு ஒரு கதை இருக்கு. இரண்டாம் உலகப்போரில் பறந்த பி-38 லைட்னிங் என்ற அமெரிக்கப் போர் விமானத்தைப் பார்த்த ஜெனரல் மோட்டர்ஸ் வடிவமைப்பாளர்கள், அதன் ரெட்டை வாலை 1948 கடிலாக்கில் சின்னதாக ஒட்டினாங்க. பிறகு வருஷா வருஷம் வளர்ந்து 1959இல் உச்சிக்குப் போனது. இதைப் படிச்சபோது எனக்கு ஞாபகம் வந்தது எங்கட பாலாவி. கல்பிட்டிக்குத் திரும்புற சந்திப் பக்கம் இப்ப விமானப்படை இருக்கிற இடத்தில, போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமானத்தளம் இருந்தது. எச்எம்எஸ் ராஜாளிய என்று பேர். நம்ம ராஜாளிதான். அங்கே வந்தது அமெரிக்காவில் செய்த கோர்செயர் விமானங்கள். மழைக்குச் சேற்றில் புதைஞ்ச கோர்செயரை யானை கட்டி இழுக்கிற படம் இன்றைக்கும் பார்க்கக் கிடைக்கும். டெட்ரொயிட்டும் புத்தளமும் சந்திச்ச இடம் என்று சொன்னா எனக்கு ஞாபகம் வாறது அந்த யானைதான்.

அமெரிக்கக் கார் இந்தத் தீவுக்கு வராமல் இல்ல. பேரரசு நாடுகளுக்குக் கனடாவின் ஒஷாவா தொழிற்சாலையிலிருந்து வலப்பக்க ஸ்டியரிங்கோடு பியூக்கும் செவர்லேயும் கப்பலேறின. ஆனால் 1932க்குப் பிறகு பிரித்தானியச் சாமானுக்குத் தீர்வைச் சலுகை. போர் முடிஞ்ச பிறகு டொலர் தட்டுப்பாடு. அதனால சாதாரண ஆள் கையில் வந்து சேர்ந்தது ஒஸ்டினும் மொறிஸ் மைனரும்தான். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி இல்லையென்று கார் இறக்குமதி அநேகமாக நின்றுபோனது. 1977 வரைக்கும் இருந்ததை வைத்துத்தான் ஓட்டினோம்.

கியூபாவிலும் இதே கதைதான். புரட்சிக்குப் பிறகு புதுக் கார் வராமல் போக, 1950களின் செவர்லேயையும் பியூக்கையும் லாடா எஞ்சினும் டீசல் எஞ்சினும் போட்டு ஹவானாவில் இன்றும் ஓட்டுறாங்க. அதைப் போட்டோ பிடிக்க உலகம் விமானம் ஏறிப் போகுது. எங்கட ஏ40ஐப் பிடிக்க ஆளில்ல.

ஏ40 என்றால் ஒஸ்டின் ஏ40. டெவன், சொமர்செட், கேம்பிரிட்ஜ் என்று மூன்று முகம். யாழ்ப்பாணத்தில் ஹயர் கார் என்றாலே இதுதான். 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போனபோது இது மண்ணெண்ணெயில் ஓடினது. மந்திரம் ஒன்றும் இல்ல. அந்தக் கால எஞ்சினில் அழுத்த விகிதம் குறைவு. சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தினா, புகை கக்கிக்கொண்டாவது ஓடும். இன்றைய கார் அந்தப் பாட்டுக்கு நிற்காது. கல்யாணத்துக்கும் ஆசுபத்திரிக்கும் மையத்துக்கும் சனத்தை ஏத்திப் போனது அந்தப் புகைதான்.

எங்கட வீட்டுக்கும் ஒன்று இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது சோனகத் தெருவில் நின்ற சொமர்செட்டை வாப்பா விட்டிட்டு வந்தார். கார் புத்தகம் மட்டும் சட்டைப் பையோடு வந்தது. நான் புத்தளத்தில் பிறந்தவன், அந்தக் காரை ஒருநாளும் பார்த்ததில்ல. புத்தகத்தில் இருக்கிற ஈஎல் நம்பர் மட்டும் மனப்பாடம்.

அந்த நம்பரிலும் சரித்திரம் இருக்கு. சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லில் இருந்து எடுத்த ஈஎல், ஈஎன், ஈவை, சீஎல் மாதிரியான எழுத்துகள் பழைய பிளேட்டில். 1957இல் சிங்கள ஸ்ரீ வந்தது. தமிழரசுக் கட்சி எதிர்த்தது. 1958இல் ஸ்ரீ போட்ட பஸ்கள் வடக்கே போனபோது அந்த எழுத்துக்குத் தார் பூசினாங்க, தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினாங்க. ஏப்ரலில் பண்டா-செல்வா ஒப்பந்தம் கிழிஞ்சது, மே மாதத்தில் கலவரம். ஒரு நம்பர் பிளேட்டில் இவ்வளவு இருக்கு. கார் வெட்டுறவன் முதலில் கழற்றி எறியிறதும் அந்தத் தகட்டைத்தான்.

போன வருஷம் முந்தல் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்து ஷெட்டில் சொமர்செட் ஒன்று நிற்குது என்று கேள்விப்பட்டுப் போனேன். ரெண்டு நாள் பிந்திட்டேன். கிலோக் கணக்கில் போயிட்டது. மிச்சம் கிடந்த கதவுப்பிடி ஒன்றைக் கொண்டுவந்து கராஜ் நானாகிட்டக் காட்டினேன். துடைச்சுப் பார்த்தார்.

"தம்பி, கடல் காத்துக்குக் கதவுக்குக் கீழயும் தரைத் தகடும்தான் முதல்ல போகும். அதைப் பார்த்திட்டு முழுக் காரும் போச்செண்டு நினைச்சிருவாங்க. கேட்டிருந்தா நான் தகடு வெட்டிப் போட்டுத் தந்திருப்பன்."

"எவ்வளவு நாள் எடுக்கும் நானா?"

"ஒரு மாசம். ஆனா இப்ப இந்த வேலை பழக ஒருத்தனும் வாறானில்லையே."

அவர் கம்பியூட்டர் இல்லாமல் காது வைச்சு டைமிங் பிடிக்கிறவர். பட்டியை அப்பி மூடாமல் தகட்டைத் தட்டியே வளைவு எடுக்கிற டிங்கர் வேலையும் தெரியும். உப்புக் காத்துக்குக் கழிவு ஒயிலை அடியில் பூசி, கிழமைக்கொருக்கா நல்ல தண்ணியில் கழுவச் சொல்லுவார். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்ல. மரபு, பாரம்பரியம் என்று பேசுறவங்க காரைப் பார்க்கிறாங்க, அவர் கையைப் பார்க்கிறதில்ல. என் கோபம் இதிலதான்.

இன்னொரு கோபமும் இருக்கு. 1945க்கு முன் இலங்கையில் முதற்பதிவான பயணிகள் காரை வெளிநாட்டுக்கு அனுப்ப உரிமம் வேணும். நல்ல சட்டம். ஆனால் அந்தக் கோட்டுக்குள்ள வாறது பெரும்பாலும் துரைமார் கார். டீச்சரும் கடைக்காரரும் கூட்டுறவு மனேஜரும் வாங்கின 1950களின் கார் கோட்டுக்கு வெளியில. அதைக் குறைந்தது 1960க்காவது நகர்த்தணும்.

கொழும்பு கோல்பேஸ் ஹோட்டலில் 1935 ஸ்டாண்டர்ட் நைன் ஒன்று கண்ணாடி மாதிரி வைச்சிருக்காங்க. இளவரசர் பிலிப் இங்கே கடற்படையில் இருந்தபோது 1940இல் 12 பவுணுக்கு வாங்கினது. சின்னக் கார்தான், இளவரசர் பேர் அதைக் காப்பாத்தினது. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு குடும்பத்தின் ஜீடி கார் மியூசியம் 2015இல் திறந்தாங்க. அங்கே பணமிருந்தது, கார்கள் ஏற்கனவே வீட்டில இருந்தது. முந்தல் ஷெட்டுக்கு இளவரசரும் இல்ல, ஆலை முதலாளியும் இல்ல.

"எஞ்சின் மாத்தினா ஒரிஜினல் போயிரும்" என்று கொழும்புக் கலெக்டர்கள் சொல்லுவாங்க. கடிலாக்குக்கு அது சரி. போல்ட் நம்பர் வரைக்கும் பார்க்கிறவங்க டொலரோட இருக்காங்க. எங்கட கார்களுக்கு இந்த விதி வேண்டாம் என்பது என் கட்சி. நிசான் எஞ்சின் போட்டு ஓடுற மொறிஸ் மைனரும் இந்த நாட்டின் ஒரிஜினல்தான். இறக்குமதி நின்ற வருஷங்களில் அப்படித்தான் வாழ்ந்தோம், 2020இல் இருந்து அஞ்சு வருஷம் கார் வராமல் இருந்தபோதும் அப்படித்தான் சமாளிச்சோம். கழற்றின பழைய எஞ்சினை மட்டும் வித்திராம ஷெட் மூலையில் வையுங்க, போதும்.

எண்ணெய் எரிக்கிற வண்டிக்கு ஏன் இந்தப் பாசம் என்று காலநிலை பேசுற கூட்டாளிகள் கேட்பீங்க. மாசத்தில் ரெண்டு தரம் கல்யாணத்துக்குப் போற ஏ40 உலகத்தைச் சூடாக்கப் போறதில்ல. நுரைச்சோலைப் புகைபோக்கியை வாசலில் நின்று பார்க்கிற ஊர்க்காரன் சொல்றேன்.

நான் இப்ப செய்றது ரெண்டு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானாட கராஜில் நின்று அவர் செய்றதைப் போனில் வீடியோ எடுக்கிறேன். திட்டுவார், பிறகு லைட் சரியில்ல இங்கால வா என்பார். மற்றது, உடப்பிலிருந்து கல்பிட்டி வரைக்கும் ஷெட்களில் நிற்கிற கார்களை நம்பரோட எழுதி வைக்கிறேன். இதுவரைக்கும் ஒன்பது. அதில் ரெண்டு ஏ40, ஒன்றில் ஈஎல் நம்பர்.

எங்கட நம்பர் இல்ல. வாப்பாட்ட போட்டோவைக் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்திட்டு, "கிறில் பிழையாப் பூட்டியிருக்கு" என்றார்.