மலையகச் சிறுவர்க்குச் சொல் வேண்டும்

ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளில் உள்ள தோட்டப் பாடசாலை ஒன்றுக்குச் சென்று, மூன்றாந் தரத்துப் பிள்ளையின் கையில் தமிழ்ப் பாடநூலைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தட்டுத்தடங்கலின்றி வாசித்துவிடும் பிள்ளைகள் பலர். வாசித்ததன் பொருள் யாதென வினவினாலோ, அவர்களுள் பலர் தலை கவிழ்ந்து நிற்பர். அதனைக் கண்டு, இப்பிள்ளைகளுக்குக் கல்வி ஏறாது என்று கூறிவிடுவோர் நம்மிடையேயும் உளர். சாட்சியை விசாரியாமல் எழுதிய தீர்ப்பு அது.

தமிழ் எழுத்து ஒலியைப் பெரும்பாலும் நேராகவே காட்டுவது. எனவே, 247 எழுத்துக்களையும் அறிந்த பிள்ளை, தன் செவி ஒருபோதும் கேளாத சொல்லையும் உரக்க ஒலித்துவிடும். பொருளோ எழுத்தில் இல்லை. முன்னரே கேட்டுப் பழகிய சொல்தான் கண்ணில் பட்டதும் பொருள் தரும். எழுத்தை ஒலிக்கும் ஆற்றலையும் மொழியை விளங்கும் ஆற்றலையும் பெருக்கி வருவதே வாசிப்பு என்று கஃப், டன்மர் என்னும் ஆய்வாளர் இருவர் 1986 இல் எழுதினர். இரண்டில் ஒன்று சுழியமாயின் விடையும் சுழியமே.

தோட்டத்துப் பிள்ளைக்குச் சொல் இல்லையா? பிரட்டு, கவ்வாத்து, கொழுந்து, லயம், கங்காணி என்று ஓர் உலகமே அதன் நாவில் இருக்கின்றது. அவ்வுலகம் ஏட்டில் இடம்பெறுவது அரிது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் பேச்சு வேறு, ஏடு வேறுதான். ஆயினும் அது நாவலர் 19 ஆம் நூற்றாண்டிலேயே பாலபாடங்களைப் படிமுறையாக எழுதி வைத்த மண். அங்கே பல வீடுகளில் வாசித்துக் காட்ட ஒருவர் இருப்பார். லயத்துத் தாயோ காலையில் மலையேறி மாலையில் திரும்புகின்றாள். பகலெல்லாம் பிள்ளையோடு பேசுவோர் யார்?

வரலாற்றையும் மறந்துவிட வேண்டாம். 1907, 1920 ஆம் ஆண்டுச் சட்டங்கள் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் துரைமாரின் பொறுப்பில் விட்டன. 1945 இல் நாடு பெற்ற இலவசக் கல்வி தோட்ட வாயிலில் நின்றுவிட்டது. 1948 இல் பிரஜாவுரிமையும் பறிபோயிற்று. தோட்டப் பாடசாலைகளை அரசு பெருமளவிற் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977 இலேயே. பாட்டியும் தாயும் ஏடு காணாது வளர்ந்த வீட்டில், பேரப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவார் இல்லை என்று குறை கூறுவது எவ்வகை நீதி?

இன்றைய சட்டத்தின் ஓட்டை வேறிடத்தில் இருக்கின்றது. கட்டாயக் கல்வி ஐந்து வயதில் தொடங்குகின்றது. 2016 இல் அதன் மேலெல்லை பதினாறாக உயர்த்தப்பட்டது. சொல் விரைந்து பெருகும் காலமோ ஐந்துக்கு முந்தியது. முன்பள்ளி மாகாண அதிகாரத்தின் பாற்பட்டது. பிள்ளைமடுவம் தோட்ட நிர்வாகத்தோடு பிணைந்தது. கொழுந்து பறிப்பு தடைப்படாதிருக்கக் குழந்தைகளை ஒதுக்கி வைத்த இடமாகவே அது தொடங்கிற்று. பயிற்சி பெற்றோர் பணியாற்றும் மடுவங்களும் இன்று உண்டு, மறுக்கவில்லை. ஆனால், பாலும் உறக்கமும் தவறாது கொடுத்தோமா என்ற கணக்கோடு, இன்று எத்தனை கதை சொன்னோம் என்ற கணக்கையும் கேட்கும் அதிகாரி யார்? நாற்றுமேடையில் நீர் தவறிய பயிருக்குப் பின்னர் உரம் கொட்டிப் பயனில்லை என்பதைக் கமக்காரருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிலுக்கென்று மாதிரி வினாத்தாள்களைக் குவிப்பது அத்தகைய உரமே.

புதிய கட்டடம் திறக்க வரும் தலைவர்களுக்குக் குறைவில்லை. கல்லிற் பொறித்த தம் பெயரை அவர்கள் நன்றாகவே வாசிக்கின்றனர்!

கைக்கெட்டிய செல்வமும் உண்டு. தாலாட்டு, விடுகதை, காமன் கூத்து, பொன்னர் சங்கர் எல்லாம் மலையகத்தில் வழங்குவன. 1947 இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். செவியில் உள்ள பாட்டு அச்சிலும் வந்தால், வாசிப்பென்பது பொருள் தரும் செயல் என்பதைப் பிள்ளை முதல் ஏட்டிலேயே கண்டுகொள்ளும். அங்கிருந்து பாடநூற் சொல்லுக்கு அழைத்துச் செல்வது ஆசிரியர் கடன். தோட்டப் பேச்சைக் கொச்சை என்று அடக்கும் ஆசிரியர் அப்பாதையைத் தாமே அடைத்துவிடுகின்றார்.

கல்வி வெளியீட்டுத் திணைக்களம் மலையக வாழ்வைப் பொருளாகக் கொண்ட சிறு நூல்களை வெளியிடுதல் வேண்டும். மாகாண சபை, பிள்ளைமடுவ ஆயாக்களுக்குக் கதை சொல்லவும் வாசித்துக் காட்டவும் பயிற்சியும் அதற்கேற்ற ஊதியமும் வழங்க விதி செய்தல் வேண்டும். சம்பளப் பேச்சுக்கு அமரும் தொழிற்சங்கங்கள், பிள்ளைமடுவத்தில் நாள்தோறும் ஒரு வாசிப்பு மணி என்ற கோரிக்கையை அடுத்த பட்டியலிலேயே சேர்க்கட்டும்.