காத்திருக்கச் சொல்வது யார், காத்திருப்பது யார்?



"கொஞ்சம் பொறு, அடுத்து புதுசு வருது." இந்த வார்த்தையை நாம் எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்! கிரைண்டர் வாங்கும்போது கேட்டோம், வாஷிங் மெஷின் வாங்கும்போது கேட்டோம். இப்போது கம்ப்யூட்டருக்கு உள்ளே வைக்கிற ஒரு சின்ன உறுப்புக்கும் அதையே கேட்க வேண்டியிருக்கிறது. எஸ்.எஸ்.டி. என்கிறார்கள். வாங்கலாமா, புதுசு வரும்வரை பொறுக்கலாமா என்று எங்கள் வீட்டில் ஒரு மாசம் பட்டிமன்றமே நடந்தது.

எங்கள் தென்காசிப் பக்கம் பல வீடுகளில், 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கி வந்த லேப்டாப் இன்னும் பீரோவில் இருக்கிறது. எங்கள் வீட்டில் இருப்பது பெரியவள் பிளஸ் டூ படித்தபோது வாங்கியது. அவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். சின்னவள் இப்போது அதில்தான் கல்லூரி புராஜெக்ட் செய்கிறாள், டி.என்.பி.எஸ்.சி. மாதிரித் தேர்வும் எழுதிப் பார்க்கிறாள். சுவிட்சைப் போட்டால் அது வேலைக்குத் தயாராகப் பத்து நிமிஷம் ஆகும். அதற்குள் நான் தேங்காய் துருவி, சட்னி அரைத்து, தாளித்தும் முடித்துவிடுவேன்!

இந்தத் தாமதத்துக்குக் காரணம் உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க். அதில் ஒரு தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். லேப்டாப்புகளில் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுற்று. கிராமபோன் முள் மாதிரி ஒன்று அங்கும் இங்கும் ஓடி ஓடித் தகவலைத் தேடி எடுக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவது, ஓடுவது எதுவும் கிடையாது. பென் டிரைவ் மாதிரி எல்லாம் சில்லுகள்தான். தேடி ஓட வேண்டாம் என்பதால் கேட்டது உடனே வந்துவிடும்.

மாற்றிவிடலாம் என்று நான் சொன்னதும், சென்னையில் வேலை பார்க்கும் என் கொழுந்தன் போனில் தடுத்தார். "அவசரப்படாதீங்க மைனி. அஞ்சாம் தலைமுறை வந்தாச்சு, ஆறாவதும் வரப்போகுது. பொறுத்தா விலையும் குறையும்." எங்க வீட்டுக்காரரும் உடனே, "தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தலையாட்டிவிட்டார்.

கொழுந்தன் விஷயம் தெரிந்தவர்தான், சந்தேகமில்லை. அந்த ஐந்தாம் தலைமுறை ஒரு நொடிக்கு 14,000 மெகாபைட் வரை படிக்குமாம். ஆனால் எங்கள் பழைய லேப்டாப்பில் இருக்கும் சாட்டா இணைப்பில் 550-க்கு மேல் போகாது. ஐந்தருவித் தண்ணீர் முழுவதையும் கொண்டுவந்தாலும் வீட்டுக் குழாய் அரை அங்குலம் என்றால் குடம் எப்படி வேகமாக நிறையும்? போதாததற்கு, அந்தப் புதிய வகை இதற்குள் பொருந்தவே பொருந்தாது. ஆறாம் தலைமுறையோ முதலில் பெரிய கம்பெனிகளின் சர்வர்களுக்குத்தான் போகிறது. சின்னவளின் புராஜெக்டுக்கு அது எந்த ஜென்மத்தில் வந்து சேரும்?

விலை குறையும் என்பதையும் நம்பி உட்கார முடியாது. 2011-ல் தாய்லாந்தில் பெரிய வெள்ளம் வந்து அங்கிருந்த தொழிற்சாலைகள் மூழ்கின. குறையும் என்று காத்திருந்தவர்கள் முகத்தில் அறைந்த மாதிரி உலகம் முழுக்க ஹார்டு டிஸ்க் விலை ஏறியது. எஸ்.எஸ்.டி. விலை 2023-ல் நன்றாக இறங்கத்தான் செய்தது. 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டு போக, மறுபடி ஏறிவிட்டது. தங்கம் விலையைப் பார்த்துப் பழகிய நமக்கு இதையெல்லாம் விளக்க வேண்டுமா என்ன!

எதற்குமே காத்திருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 2025 ஆகஸ்ட் 15 அன்று ஜி.எஸ்.டி. குறையப்போவதாக அறிவிப்பு வந்தது. செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. டி.வி. வாங்க நினைத்தவர்கள் அந்த ஐந்து வாரம் பொறுத்தது புத்திசாலித்தனம். என்று குறையும், எவ்வளவு குறையும் என்று இரண்டும் தெரிந்தால் பொறுக்கலாம். ஆனால் லேப்டாப்புக்கு அப்போதே 18 சதவீதம்தான், அது அப்படியே இருந்தது. கூட்டத்தோடு கூட்டமாக அதற்கும் காத்திருந்தவர்களுக்கு என்ன லாபம்?

குற்றாலத்துப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. ஜூன் பிறந்தால் போதும், சொந்தக்காரர்கள் போன் போடுவார்கள், "தண்ணி நல்லா விழுதா?" விழுது, வாங்க என்றால், "இன்னும் கொஞ்சம் கூடட்டும்" என்பார்கள். கூடினால் மெயினருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. குறைந்தால், "இப்ப என்னத்துக்கு வரணும்?" சாரலில் நனைந்து குளித்துவிட்டுப் போகிறவர்கள், நினைத்த அன்றைக்குப் பஸ் ஏறியவர்கள்தான்.

என் ஆதங்கம் வேறு. பொறுத்திருக்கச் சொன்ன கொழுந்தனிடம் புது லேப்டாப் இருக்கிறது. எங்க வீட்டுக்காரருக்குக் கம்ப்யூட்டர் தேவையே இல்லை. காத்திருக்க வேண்டியது சின்னவள் மட்டும்தான். அவளைக் கேட்காமலே அவளுக்காக முடிவு செய்கிறார்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் என்று வைத்தாலும் 300 நாளில் 3,000 நிமிஷம், அதாவது 50 மணி நேரம்! தேர்வுக்குப் படிக்கிற பெண்ணுக்கு அது எத்தனை பாடம்? அம்மியில் அரைத்த காலத்தில் மிக்ஸிக்குப் பொறுக்கச் சொன்னவர்கள் யாராவது அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தார்களா?

இதைச் சொன்னதும் வீட்டில் ஒரே அமைதி! மறுநாளே வாங்கிப் போட்டோம். ஒரு சுமாரான பட்டுப்புடவை விலைகூட ஆகவில்லை. இப்போது ஒரு நிமிஷத்துக்குள் திறந்துவிடுகிறது.

வாங்கப்போகும் தோழிகளுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். லேப்டாப்பைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், அதற்குச் சேருவது இரண்டரை அங்குல சாட்டாவா, எம்.2 வகையா என்று திறந்து பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பில்லில் உத்தரவாதம் எத்தனை வருஷம் என்று எழுதி வாங்குங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பழைய லேப்டாப்புகள் பலவும் 11-ஐ ஏற்காது. நாங்கள் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டோம், சின்னவளுக்கு இரண்டே நாளில் பழகிவிட்டது.

முக்கியமாக, கழற்றிய ஹார்டு டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்! நம் வீட்டுப் பெண்களின் போட்டோ, ஆதார், பேங்க் காகிதம் எல்லாம் அதில்தான் இருக்கும். யு.எஸ்.பி. உறை ஒன்று வாங்கி அதற்குள் போட்டால் பெரிய பென் டிரைவ் மாதிரி பயன்படும். வயசான டிஸ்க் என்பதால், பெரியவளின் கல்யாணப் படங்களை அதில் ஒன்றும் வேறொரு இடத்தில் ஒன்றுமாக இரண்டு பிரதி வைத்திருக்கிறேன்.

- ஒரு இல்லத்தரசி, தென்காசி