இடம் மாறிய பாரம், இறங்கிய பாரமன்று

இவ்வாரத் தியானப் பகுதிகள்: லேவியராகமம் 16:20-22, 1 இராஜாக்கள் 21:1-19, லூக்கா 10:25-37



உப்பூர் அனல்மின் நிலையத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம் மாவட்டத்து விசுவாசிகளிடையே ஒரு வாக்கியம் தவறாமல் கேட்கிறது: "கர்த்தர் நம் கரையைக் காப்பாற்றினார், அது உடன்குடிக்குப் போய்விட்டது." இதன் முதற்பாதியை நான் மறுக்கவில்லை. இரண்டாம் பாதியை அதற்குச் சான்றாகக் காட்டுவதையே மறுக்கிறேன்.

நடந்ததை முதலில் நினைவுகூர்வோம். தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள உப்பூரில் 1,600 மெகாவாட் திறனுள்ள அனல்மின் நிலையம் அமைக்கத் தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம் திட்டமிட்டது. 2016ஆம் ஆண்டில் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பீடு 12,000 கோடி ரூபாயைத் தாண்டியது. நிலத்தை இழக்கவிருந்த உழவர்களும், கடலுக்குள் நீளவிருந்த கட்டுமானத்தைக் கண்டு அஞ்சிய மீனவர்களும் எதிர்த்தார்கள். வழக்குகள் நடந்தன. 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. அதே ஆண்டில் உப்பூரைக் கைவிட்டுத் திட்டத்தை உடன்குடிக்கு மாற்ற மின்கழகம் முடிவெடுத்தது.

எதிர்த்தவர்களின் அச்சம் வீணானதன்று. அனல்மின் நிலையம் நாள்தோறும் பல்லாயிரம் டன் நிலக்கரியை எரிப்பது. அதன் சாம்பலுக்கு இடம் வேண்டும். கடல்நீரைக் குளிர்விப்புக்கு எடுத்தால், எடுத்த நீர் சூடேறிக் கடலுக்கே திரும்பும். நம் பாக் விரிகுடாவின் சராசரி ஆழம் ஏறத்தாழ 9 மீட்டர்தான். ஆழமும் அலையும் உள்ள கடல் தாங்கும் வெப்பத்தை இந்த ஆழமற்ற கடல் அப்படியே தாங்கிவிடும் என்று யார் உறுதி சொல்வது? இதன் அடியில்தான் கடற்புல் வளர்கிறது. நண்டும் இறாலும் அங்கே குஞ்சு பொரித்து வளர்கின்றன. ஆவுளியா என்று நம் மீனவர் அழைக்கும் கடற்பசு அந்தப் புல்லை மேய்ந்தே உயிர்வாழ்கிறது. இதே விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. அங்கே காக்கத் தகுந்தது இங்கே எரிக்கத் தகுந்ததாக எப்படி ஆயிற்று?

கரைக்கு மேற்கே உள்ளதும் வெறும் நிலமன்று. நாற்பத்தெட்டு மடையுள்ள இராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயும், திருவாடானை வட்டாரத்து நெல்வயல்களும் வடகிழக்குப் பருவமழை ஒன்றையே நம்பியிருக்கின்றன. அங்கே ஓர் ஓடை அடைபட்டால் ஒரு கண்மாய் நிறையாது. கண்மாய் நிறையாத ஆண்டில் அவ்வூரில் அறுவடை இல்லை.

ஆனாலும், நம் எதிர்ப்பில் ஒலித்த எல்லாக் குரல்களும் ஒரே ஆவியினால் ஒலித்தவை அல்ல. "சுற்றுலா கெட்டுவிடும்" என்பது அவற்றுள் ஒன்று. இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் வருகிறவர்கள் புகைபோக்கியைக் கண்டால் முகம் சுளிப்பார்கள், விடுதிகள் காலியாகும், வியாபாரம் குறையும் என்றார்கள். அந்த வியாபாரத்தில் ஏழைகளின் பிழைப்பும் இருப்பதால் இதை நான் இகழவில்லை. உப்பூருக்கு வடக்கே காரங்காட்டில் மீனவக் கிராமத்து மக்களே சதுப்புநிலக் காட்டுக்குள் படகில் பயணிகளை அழைத்துச் செல்கிறார்கள். காடு வாழ்ந்தால்தான் அவர்கள் வாழ்வார்கள். அத்தகைய சுற்றுலா நல்லது.

ஆனால் அதையே முதற்காரணமாக வைத்தால் என்ன ஆகும்? பார்வையாளர் வராத கரைக்கு மதிப்பில்லை என்றாகும். விடுதி சன்னலிலிருந்து தெரியாத தொலைவில் புகை எழுந்தால் அது குற்றமில்லை என்றாகும். மோர்ப்பண்ணையிலும் திருப்பாலைக்குடியிலும் வலை இழுக்கிறவன், பயணி எடுக்கும் புகைப்படத்தின் ஓரத்தில் நிற்கும் நிழலாகச் சிறுத்துப்போவான். கடல் அழகாயிருப்பதால் மட்டும் காக்கப்பட வேண்டியதன்று. அதில் ஒரு ஜனம் உழைத்து உண்கிறது. அதைப் படைத்தவர் அதைத் தம்முடையது என்கிறார். இதுவே நம் முதற்காரணமாயிருக்கட்டும்.

நாபோத்தின் வரலாற்றை நாம் பெரும்பாலும் யேசபேலின் கொடுமைக்காகவே நினைவில் வைத்திருக்கிறோம். அது தொடங்கிய விதத்தைக் கவனியுங்கள். ஆகாப் முதலில் வாளோடு வரவில்லை; நியாயமாகத் தோன்றும் பேரத்தோடு வந்தான். இதைவிட நல்ல திராட்சத்தோட்டம் தருகிறேன், வேண்டாமென்றால் கிரயம் தருகிறேன் என்றான். சந்தைக் கணக்கில் நாபோத் மறுத்தது மடமை. அவனோ தோட்டத்தைச் சந்தைப் பொருளாகக் காணவில்லை. பிதாக்களிடமிருந்து பெற்று, பிள்ளைகளிடம் சேர்க்க வேண்டிய சுதந்தரமாகக் கண்டான். இழப்பீட்டுத் தொகை போதாது என்று வாதாடுகிறவனையே அதிகாரத்துக்குப் புரிகிறது. விற்பனைக்கு இல்லை என்று சொல்கிறவனை அதற்குப் புரிவதில்லை. உடனே அவனுக்கு வளர்ச்சியின் எதிரி என்று பெயர் சூட்டிவிடுகிறது.

இனி உடன்குடிக்கு வருவோம். பாவநிவாரண நாளில் ஜனத்தின் அக்கிரமங்களைச் சுமத்தி, மனிதர் குடியிராத இடத்துக்குப் போக்காடு அனுப்பப்பட்டது. அந்தச் சடங்கில் நாம் மறந்துவிடுகிற ஒன்று உண்டு: அது போய்ச் சேர்ந்த வனாந்தரத்தில் எவரும் வசிக்கவில்லை. நம் போக்காடோ ஆளில்லாத வனாந்தரத்துக்குப் போகவில்லை. மெஞ்ஞானபுரத்து ஆலயக் கோபுரம் நிற்கும் வட்டாரத்துக்கு, மணப்பாட்டு மீனவரின் கடலுக்கு, பனையேறிகள் காய்ச்சும் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஊருக்குப் போயிருக்கிறது. அங்கே 1,320 மெகாவாட்டுக்கான முதற்கட்ட நிலையம் ஏற்கெனவே எழுந்துகொண்டிருந்தது. நிலக்கரி இறக்கக் கடலுக்குள் நீண்ட பாலத்தை அங்குள்ள மீனவரும் எதிர்த்தார்கள். நம் மேலிருந்த சுமையை, முன்பே சுமந்து நின்றவர்களின் தோளில் மாற்றி வைத்ததற்கா ஸ்தோத்திரம் செலுத்துகிறோம்? மணப்பாடும் பயணிகள் தேடி வரும் கரைதான். சுற்றுலாவே நம் நியாயமாயிருந்தால், அந்த நியாயம் தூத்துக்குடி மாவட்ட எல்லையில் ஏன் நின்றுவிட்டது?

நியாயசாஸ்திரி இயேசுவிடம் தன் பிறன் யார் என்று கேட்டது, அன்புக்கு ஓர் எல்லைக்கல் நாட்டிக்கொள்ளவே. ஆண்டவர் அவனுக்கு எல்லையைக் காட்டவில்லை. எல்லை கடந்து வந்த ஒருவனைக் காட்டினார். உப்பூர்க் கரைக்குத் தீங்கானது உடன்குடிக் கரைக்கு நன்மையாகாது. இரண்டு இடத்திலும் கேட்காத ஒரே கேள்வியை நாம் கேட்டாக வேண்டும்: இது எங்கே என்பதற்கு முன், இது ஏன், இப்படித்தானா?

"அப்படியானால் மின்சாரத்துக்கு எங்கே போவது? போதகர் வீட்டில் மின்விசிறி சுழலவில்லையா?" என்பார்கள். சுழல்கிறது. இந்த மாவட்டம் மின்சாரம் தர மறுத்த மாவட்டமுமன்று. வழுதூரில் எரிவாயு மின்நிலையம் இயங்குகிறது. கமுதியில் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் 2016 முதல் நிற்கிறது. ஆகவே நம் வாதம் மின்சாரத்துக்கு எதிரானதன்று. யாருடைய நிலத்தில், யாரைக் கேட்டு, யாருடைய மூச்சை விலையாக வைத்து என்பதே வாதம். எரிபொருளை மாற்றினாலும் இக்கேள்வி தீர்வதில்லை. தனுஷ்கோடிக்கு எதிரே உள்ள மன்னார்த் தீவில் 2025ஆம் ஆண்டு காற்றாலைகளை எதிர்த்து மக்கள் வீதியில் நின்றார்கள். கத்தோலிக்கக் குருமாரும் அவர்களோடு நின்றார்கள். காற்றாலையில் புகை இல்லை. ஆனாலும் அங்கு வாழ்வோரைப் பொருட்படுத்தாமல் நட்டால் அதுவும் நாபோத்தின் தோட்டத்தில் நட்டதே.

"சபை ஜெபிக்கட்டும், மின்நிலையம் அரசின் காரியம்" என்போருக்கும் ஒரு சொல். நாபோத் கொல்லப்பட்டபின் கர்த்தர் எலியாவைப் பலிபீடத்துக்கு அனுப்பவில்லை; ஆகாப் நின்றுகொண்டிருந்த திராட்சத்தோட்டத்துக்கே அனுப்பினார். அந்த அத்தியாயத்தில் இன்னொன்றும் உண்டு. பட்டணத்து மூப்பர்கள் கடிதத்தைப் பெற்றார்கள், சொன்னபடி செய்தார்கள், வாய் திறக்கவில்லை. உபவாச நாளைக் கூறினவர்களும் அவர்களே! நியாயத்துக்கு வாய் திறவாத உபவாசம் அநியாயத்துக்குத் திரையாகும் என்பதற்கு இதைவிட அச்சமூட்டும் சாட்சி வேதத்தில் அரிது.

ஆகையால் உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறேன்.

முதலாவது, அறிந்துகொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, இத்தகைய திட்டங்களுக்குப் பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 30 நாள்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். அறிக்கையின் சுருக்கத்தை மக்களின் மொழியில் வைக்க வேண்டும். படித்த நம் வாலிபர்கள் அதை வாங்கி, படிக்கத் தெரியாத மீனவருக்கும் உழவருக்கும் வாசித்துக் காட்டட்டும். அது வேதபாட வகுப்புக்குக் குறைந்த ஊழியமன்று.

இரண்டாவது, குறைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் மாதம் முழுவதும் விடியும்வரை எரியும் அலங்கார விளக்குகளும், ஆளில்லா அறையில் ஓடும் குளிர்சாதனமும் எங்கோ ஒரு கரையில் சாம்பலாக விழுகின்றன. நம் ஆலயக் கூரைகள் வெயிலில் வெறுமையாகக் காய்கின்றன. அவற்றின்மேல் சூரியத் தகடுகள் ஏன் ஏறக்கூடாது? எதிர்ப்புக்கு விலை கொடுக்காதவன் பேச்சை ஆகாப் பொருட்படுத்தமாட்டான்.

மூன்றாவது, வரும் ஓய்வுநாள் ஆராதனையில் உடன்குடி, கல்லாமொழி, மணப்பாடு என்று பெயர் சொல்லி ஜெபியுங்கள். அவ்விடத்துச் சபைகளில் உறவினர் இருந்தால் விசாரியுங்கள். அவர்கள் போராட்டத்துக்கு அழைத்தால் போங்கள். நமக்காக அவர்கள் சுமக்கிறார்கள் என்று சொல்லவாவது போங்கள்.

ஜெபம்: கடலையும் கரையையும் உண்டாக்கின பிதாவே, எங்கள் கரை தப்பியதற்காக மட்டும் மகிழும் குறுகிய இருதயத்தை எங்களைவிட்டு அகற்றும். எங்கள் தோளிலிருந்து நீங்கிய பாரம் எந்தத் தோளில் விழுந்தது என்று காணும் கண்களையும், அங்கே நடந்துபோகும் கால்களையும் தாரும். பாரம் சுமந்த இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.